ஃபுல்-பிரேம் வாங்கும் முன் கெட்டுப்போன படங்களைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் மொரீஷியஸில், குவாட்ரே போர்ன்ஸில் இருக்கிறேன். கையில் கேனான் 2000டி, அதோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். தைப்பூசக் காவடி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சீமந்தம் என்று எடுத்துக் கொடுப்பேன். போன வருடம் 3 விசேஷங்களுக்குக் காசும் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் 6,000 ரூபாய். ஆனால் கோயிலுக்குள் எடுக்கும் படங்கள் கலங்கிப் போகின்றன. தொழில்முறைக் கேமரா, ஃபுல்-பிரேம் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ளது), தவணையில் 1,20,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். 4 படங்கள் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: அம்மா பக்கம்தான் நானும், இந்த வருடத்துக்கு மட்டும். ஏன் என்பதை நீங்கள் அனுப்பிய 4 படங்களே சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா தானாக எழுதி வைத்த எண்கள் இருக்கும். அவற்றையும் திறந்து பார்த்தேன்.

முதல் படம் தீபாராதனை. குருக்களின் முகம் தெரிகிறது, தட்டைப் பிடித்த கை வெறும் ஆரஞ்சுக் கீற்றாக ஓடுகிறது. லென்ஸ் 55 மி.மீ.க்கு நீட்டியது, எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஷட்டர் 1/20 வினாடி (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ 3200 (வெளிச்சத்துக்கான உணர்வு அளவு). சுற்றும் தட்டு 1/20 வினாடியில் நிற்காது, எவ்வளவு விலையுள்ள கேமராவிலும் நிற்காது. ஃபுல்-பிரேமில் ஒரு எஃப் 5.6 லென்ஸை மாட்டி அதே ஐஎஸ்ஓவில் எடுத்தாலும் ஷட்டர் அதே 1/20தான். சென்சார் பெரிதானதால் ஷட்டர் வேகம் தானாகக் கூடுவதில்லை. ஐஎஸ்ஓவை இன்னும் கொஞ்சம் ஏற்றினாலும் படத்தில் பொடிப் புள்ளி விழாமல் தாங்கும், அவ்வளவுதான் லாபம்.

எவ்வளவு தாங்கும்? உங்கள் சென்சார் 22.3 × 14.9 மி.மீ., ஃபுல்-பிரேம் 36 × 24 மி.மீ. பரப்பில் ஏறக்குறைய 2.6 மடங்கு. அதாவது அதே தரத்தில் 1/20 என்பது 1/50 ஆகும். புதிய சென்சார் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். கை அப்போதும் கலங்கித்தான் இருக்கும்.

இப்போது இதே 2000டியில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். எஃப் 5.6-க்கும் 1.8-க்கும் இடையே உள்ளே வரும் வெளிச்சம் 9 மடங்குக்கு மேல் கூடுகிறது. அதே கருவறை, அதே விளக்கு, அதே ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/200 வினாடி. கையும் நிற்கும், கற்பூரச் சுடரின் நாக்கும் நிற்கும். கேனானின் லென்ஸ் வரிசையில் மிக மலிவானவற்றுள் ஒன்று இது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேமராவின் விலையோடு வைத்துப் பார்த்தால் சில்லறைதான். 1,20,000 ரூபாய் தராத படத்தை இந்தச் சின்ன லென்ஸ் தந்துவிடும்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. 2 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். குருக்களின் கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் முன்னே நீட்டிய தட்டு மங்கும், தட்டில் வைத்தால் முகம் மங்கும். எது வேண்டும் என்று அமுக்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்தது, உங்கள் கேமரா பாடியில் 50 மி.மீ. நெருக்கமான லென்ஸ். 3 மீட்டர் தள்ளி நின்றால் 1.3 மீட்டர் அகலம்தான் உள்ளே வரும். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கலாம், மாமா நுழைய முடியாது. குடும்பப் படத்துக்குப் பழைய 18-55 இருக்கட்டும், அதற்குத் தள்ளுபடி கேட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது படத்தில் கேமராமீது உண்மையிலேயே கொஞ்சம் குற்றம் இருக்கிறது. மலைக்கோயிலுக்குக் காவடி ஏறும் கூட்டம், நல்ல வெயில், ஷட்டர் வேகமும் போதும். ஆனால் மயிலிறகு ஊசிபோலத் தெளிவாக இருக்க, காவடி எடுத்தவரின் முகம் பின்னால் மங்கிக் கிடக்கிறது. 9 ஃபோக்கஸ் புள்ளிகளில் எதை எடுப்பது என்பதைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்கும். காவடியில் கிட்டத்தில் இருப்பது எப்போதும் பூவும் இறகும்தானே. நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்து வையுங்கள், அந்த 9-இல் மிக நம்பகமானது அதுதான். ஃபோக்கஸ் முறையை ஏஐ செர்வோவுக்கு மாற்றுங்கள், நகர்வதைத் தொடர்ந்து ஃபோக்கஸ் செய்யும் முறை அது. நடப்பவரின் முகத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி அமுக்கியபடி கூடவே போங்கள். வினாடிக்கு 3 படம்தான் உங்கள் கேமரா எடுக்கும், ஆகவே கால் தரையில் பதியும் நேரத்துக்குக் காத்திருந்து அமுக்குங்கள்.

இத்தனையையும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். 2022-இல் வந்த கேனானின் ஃபுல்-பிரேம் ஆர்6 மார்க் 2 போன்ற கேமராக்கள் கூட்டத்துக்குள்ளும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடரும். அலகு குத்திய முகம், நெற்றி நிறைய விபூதி, குறுக்கே ஆடும் பூச்சரம் என்று இருந்தால் அதுவும் சில நேரம் தடுமாறும்தான். ஆனாலும் 10 படத்தில் உங்களுக்கு 4 தேறினால் அதற்கு 8 தேறும். ஃபுல்-பிரேம் விளம்பரத்தில் சென்சாரைப் பற்றி அடித்துச் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த ஃபோக்கஸ்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மூன்றாவது படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், நம் ஊர்க்காரர் எல்லோரும் விழும் குழி. காவடி நாளின் அடர் ரோஜா நிறப் புடவை, தை மாத நடுப்பகல் வெயில். புடவையில் மடிப்பு இல்லை, ஜரிகை இல்லை, சாயம் கொட்டிய மாதிரி ஒரே நிறத் திட்டு. மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது இன்ஃபோ பொத்தானை அமுக்கி, மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் வரும் பக்கத்துக்குப் போங்கள். சிவப்பு வலது ஓரத்தில் போய் முட்டி நின்றால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து மறுபடி எடுங்கள். ஜேபெக்கை விட்டு, சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் ராவுக்கு மாறுங்கள். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

நான்காவது, கல்யாண மண்டபம். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று சரி. கேமரா கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப்லைட் அதில் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. 1/160 வினாடி ஷட்டர் அந்தத் துடிப்பின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு துண்டு. 1/100-க்கு இறங்குங்கள், அடங்கிவிடும்.

ஆக, கெட்ட 4 படங்களில் பாடி பொறுப்பேற்க வேண்டியது அரைப் படத்துக்குத்தான்.

அப்படியானால் தொழில்முறைக் கேமராவுக்கு எதற்கு அவ்வளவு விலை என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் அந்தக் காசு பெரும்பாலும் அழகுக்குப் போவதில்லை, கைவிடாமல் இருப்பதற்குப் போகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணம் எடுத்தேன். தாலி கட்டி, எல்லாரும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு இலையில் உட்கார்ந்தாயிற்று. நான் ஓரமாக நின்று படங்களைப் பார்க்கலாம் என்று கேமராவை இயக்கினால், கார்டைப் படிக்க முடியவில்லை என்கிறது. ஒரே கார்டு போடும் கேமரா. மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு நாள் போராடியதில் பாதிப் படம் வந்தது, தாலி கட்டியது வராத பாதியில் இருந்தது. பெண்ணின் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து காசு வாங்கி எடுக்கும் எந்த விசேஷத்துக்கும் இரண்டு கார்டு போடும் கேமராதான் கொண்டு போகிறேன். ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும். 2000டியில் அந்த வசதி கிடையாது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கிற நிலைக்கு நீங்கள் வந்துவிட்டால், அன்றைக்கு நானே வாங்கச் சொல்வேன். அத்தை வீட்டுச் சீமந்தத்துக்கு அது வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 1,20,000 ரூபாயை 24 மாதத் தவணையாகப் போட்டால் வட்டி இல்லாமலே மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. போன வருடம் உங்களுக்கு வந்தது 18,000. அசலைக் கட்டவே வருடத்துக்கு 10 விசேஷம் வேண்டும், அதுவும் பெட்ரோலும் உங்கள் நேரமும் இலவசம் என்று வைத்துக்கொண்டால். செலவு அதோடு நிற்காது. உங்கள் 18-55 சின்ன சென்சாருக்கு என்றே செய்த லென்ஸ். ஆர் வரிசை ஃபுல்-பிரேமில் அடாப்டர் வைத்து மாட்டலாம், ஆனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும். அதற்கா இவ்வளவு கொடுத்தீர்கள்? நல்ல 24-70 எஃப் 2.8 லென்ஸ் கிட்டத்தட்ட இன்னொரு கேமரா விலை. மலிவாகச் சேர்த்துக் கொடுக்கும் 24-105 வகை ஒன்று இருக்கிறது. அது 105-க்கு நீட்டினால் எஃப் 7.1. கோயில் இருட்டில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் அந்த 50 எஃப் 1.8, ஒரு பிளாஷ், இரண்டு நல்ல மெமரி கார்டு, படங்களை இரண்டு இடத்தில் வைக்க இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25 எம்பிக்கு மேல் வரும், 2,000 படம் எடுத்தால் 50 ஜிபி போய்விடும். பிளாஷ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கேனான் தன் ஆரம்பநிலைக் கேமராக்கள் சிலவற்றில் பிளாஷ் மாட்டும் இடத்தின் நடு ஊசியை எடுத்துவிட்டது. அவற்றில் பிற நிறுவனத்து பிளாஷ் பல வேலை செய்யாது. கேமராவைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டி, எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மண்டபத்தில் வெள்ளைக் கூரையில் முட்டவிட்டு அடித்தால் முகம் அழகாக வரும். சிவப்புத் துணிப் பந்தலில் அதையே செய்தால் மணப்பெண் தக்காளி ஆகிவிடுவார். கருவறைப் பக்கம் பிளாஷே வேண்டாம், படம் எடுக்கலாமா என்பதையே குருக்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

பெரிய அச்சுக்கு மெகாபிக்சல் போதாதோ என்ற கவலையும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிந்தது. உங்கள் கேமரா தருவது 6000 × 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 20 × 13 அங்குலம் அச்சடிக்கலாம். ஆர்6 மார்க் 2-ம் அதே 24 மெகாபிக்சல்தான்.

பெரிய கேமராவைப் பழகிப் பார்க்க ஆசை என்றால், அடுத்த கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், இல்லையேல் தெரிந்த போட்டோகிராபரோடு உதவியாளராகப் போய் அவருடையதைத் தூக்கிப் பாருங்கள். பாடியும் 24-70-ம் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தாண்டும். 6 மணி நேரம் கழுத்தில் தொங்கிய பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அது உண்மையான ஆசை.

சென்னையிலிருந்து யாராவது கொண்டு வந்தால் மலிவு என்று பலர் கேட்கிறார்கள். அங்கே உங்கள் 2000டியையே 1500டி என்ற பெயரில் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வேறு கேமரா என்று ஏமாறாதீர்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே சுங்கத்தில் 15% வாட் வரி கேட்டால் அந்த மலிவில் பெரும்பகுதி விமான நிலையத்திலேயே போய்விடும்.

எதை வாங்கினாலும் நம் தீவின் ஈரத்திலிருந்து அதைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கியூர்பிப்பில் குடியிருந்த காலத்தில் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்த என் நல்ல லென்ஸ் ஒன்றை மூன்று மாதம் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே சிலந்தி நூல்போல வெள்ளையாகப் பூஞ்சை. தோலும் பூட்டிய அலமாரியும்தான் அதற்கு மிகவும் பிடித்த இடம். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி, இவை போதும். 40-க்கும் 50-க்கும் நடுவே முள் நின்றால் நிம்மதி. காவடி நாளில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். விபூதியும் மஞ்சள் பொடியும் பறக்கிற இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம்.

அந்த 50-ஐப் பழையதாக வாங்க நேர்ந்தால், பூஞ்சைக்காக டார்ச் அடித்துப் பார்த்த கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். பர்சிலிருந்து நம் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, அரை மீட்டர் தள்ளிச் சாய்வாக நின்று, தமிழில் தொகை எழுதியிருக்கும் வரியில் ஃபோக்கஸ் வைத்து எஃப் 1.8-இல் 5 தடவை எடுங்கள். திரையில் பெரிதாக்கினால் ஐந்திலும் அந்தத் தமிழ் வரியே தெளிவாக இருக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ உள்ள எழுத்து தெளிவாக இருந்தால் நோட்டை மடித்து மறுபடி பர்சில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.