மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் முள் மண்டிக் கிடக்கிறது. அதைப் பாதுகாப்பான பூங்காவாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

பேரூராட்சியில் 3 ஏக்கர் மனைப்பிரிவு, வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்ட இடத்தில் சீமைக்கருவேலம் என்கிறீர்கள். மரக்கன்று வாங்குவதற்கு முன் அந்த இடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. அப்படிப்பட்ட மனைப்பிரிவில் பூங்கா இடமே இல்லாமல் போகலாம். உங்கள் 3 ஏக்கர் சுமார் 12,140 சதுர மீட்டர். சாலைக்கு 30 சதவீதம் போயிருந்தால் பூங்கா ஏறக்குறைய 850 சதுர மீட்டர், அதாவது 21 சென்ட். நேரில் அளந்தால் 15 சென்ட்தான் தேறுகிறது என்றால் பக்கத்து வேலி உள்ளே வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் உள்ள வரைபட நகலை வாங்குங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். பிறகு சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுத்தால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் அடுத்த படியில்தான். பத்திரம் பதிவாகியிருக்கும், பூங்கா இடத்தைத் தனி சர்வே எண்ணாக உட்பிரிவு செய்யச் சொல்லி யாரும் மனு கொடுக்காததால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். பல வருடம் கழித்து வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி இடத்தை விற்பார்கள். அதனால் செயல் அலுவலருக்கு மனு கொடுத்து, வட்டாட்சியர் வழியாக உட்பிரிவு, பேரூராட்சி பெயரில் பட்டா, சர்வேயர் அளந்து கல் நடுதல் மூன்றையும் முடிக்க வைத்துவிடுங்கள்.

ஆக்கிரமிப்பு தனியாரிடமிருந்து மட்டும் வருவதில்லை. மேல்நிலைத் தொட்டி, அலுவலகக் கட்டடம் என்று உள்ளாட்சியே கை வைக்கும். ஒரு மூலையில் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது (பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு). மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

இனி பாதுகாப்பு. ஆறடி காம்பவுண்டு சுவர் கட்டாதீர்கள். உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாவிட்டால் இருட்டியதும் அது பாட்டில் கூடாரம்தான். இரண்டடி அடிச்சுவர், அதன்மேல் கிரில் போதும். எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஊஞ்சல் கண்ணில் பட வேண்டும். வாசல் இரண்டு வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு தெருவைப் பார்த்தபடி. விளக்குக் கம்பத்தில் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள்: உயரக் கம்பத்தில் விளக்கைப் போட்டால், மரம் வளர்ந்ததும் வெளிச்சம் இலைமேல் விழும், பெஞ்சு இருட்டில் இருக்கும். 4 மீட்டர் கம்பங்கள் நான்கைந்து நடுங்கள். கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்கு மேல் வரை கழித்துவிடுங்கள். புதர்ச்செடி முழங்காலைத் தாண்டக் கூடாது.

மரத்துக்குப் புங்கன், வேம்பு, மகிழம் நல்லது. குல்மொஹர் பார்க்க அழகு, காற்றில் கிளை முறியும். ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால் முதல் சில மாதம் தண்ணீர்ச் செலவு மிச்சம். ஊஞ்சல், சறுக்குமரத்துக்கு அடியில் பேவர் பிளாக் பதிப்பது ஊர் ஊராக நடக்கும் தவறு. ஓரடி ஆழம் ஆற்று மணல் கொட்டுங்கள். எம்-சாண்ட் இறுகிக் கட்டாந்தரையாகிவிடும்.

கட்டட இடிபாட்டைக் கொட்டி இடத்தை மேடாக்க யாராவது முன்வருவார்கள், இலவசமாகவே. ஒப்புக்கொள்ளாதீர்கள். சாலையைவிட அரையடி தாழ்வாகப் பூங்கா இருந்தால் மழைநீர் அங்கே இறங்கும். இல்லையென்றால் எதிர்வீட்டு வாசலுக்குப் போகும். தாழ்ந்த மூலையில் இரண்டு உறிஞ்சு குழிகள் போடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தேங்கினால் குழியில் சேறு அடைத்திருக்கிறது, தூர்வார வேண்டும்.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். மக்கள் பங்கு மூன்றில் ஒரு பாகம். கேட்கும்போதே மின் இணைப்பும் தண்ணீர்க் கட்டணமும் பேரூராட்சி பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.