சிபிலிஸ் மூளைக்குப் போயிருக்கிறதா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் பல வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவள் நான். மேகநோய், அதாவது சிபிலிஸ், மூளையையும் முள்ளந்தண்டையும் தாக்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கோப்பாயிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 63 வயது. ஒரு வருடமாக மறதி, காரணமில்லாத கோபம், நடையும் தள்ளாடுகிறது. இரத்தத்தில் சிபிலிஸ் பொசிட்டிவ். முள்ளந்தண்டு நீரில் வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் சோதனை நெகட்டிவ். அப்ப மூளையில் இல்லைத்தானே அக்கா?

அப்படி விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. அந்த நீரில் வி.டி.ஆர்.எல். பொசிட்டிவ் வந்தால், ஊசி குத்தும்போது இரத்தம் கலக்காதவரை, நோய் அங்கே போய்விட்டது என்று நம்பலாம். நெகட்டிவை அப்படி நம்ப முடியாது. நோய் உள்ள பலருக்கும் நெகட்டிவ்தான் வரும். அதனால் அதே றிப்போர்ட்டில் வெள்ளையணுக்களையும் புரதத்தையும் பாருங்கள். ஒரு கன மில்லிமீற்றரில் 5-க்கு மேல் அணுக்கள், 100 மில்லிலீற்றரில் 45 மில்லிகிராமுக்கு மேல் புரதம் என்றால் சந்தேகம் வலுக்கும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அணுக்கள் அதனாலேயே கூடியிருக்கலாம் என்பதால், 20-க்கு மேல் போனால்தான் பெரிதாக எடுப்பார்கள். எப்.ரி.ஏ. என்ற இன்னொரு சிபிலிஸ் சோதனை வி.டி.ஆர்.எல்.லுக்கு நேர்மாறு: அந்த நீரில் அது நெகட்டிவ் என்றால் நோய் இருக்க வாய்ப்புக் குறைவு, பொசிட்டிவ் என்றால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்று. நீர் எடுத்த குழாய் உடனே ஆய்வுகூடத்துக்கு வரவேண்டும். காலையில் எடுத்தது மத்தியானம் என் மேசைக்கு வந்த நாட்கள் உண்டு. அதற்குள் அணுக்கள் அழியத் தொடங்கிவிடும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும். எனக்கு இன்றைக்கும் அது மனவருத்தம்தான்.

எல்லா றிப்போர்ட்டையும் சேர்த்து நரம்பியல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய நடையும் கண்ணின் கருமணியும் மறதியும் சொல்வதைத் தாள் சொல்லாது.

சாவகச்சேரித் தம்பி ஒருவர்: முள்ளந்தண்டில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போகும் என்கிறார்களே?

முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டு, நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும் உள்ள இடத்துக்கு. சிலருக்குத் தலையிடி வரும், சில நாளில் மாறும். வோபரின் போல இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிப்பவர் என்றால் முதலே சொல்லிவிடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: கர்ப்பிணி கிளினிக்கில் எனக்கு வி.டி.ஆர்.எல். பொசிட்டிவ். எனக்கும் அந்த நீர் எடுக்கவேண்டுமா?

கண் மங்கல், திடீர்க் காது மந்தம், கைகால் பலவீனம் போல எதுவும் இல்லையென்றால் பொதுவாகத் தேவையில்லை. கர்ப்பகாலத்தில் வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பொசிட்டிவ் வருவதும் உண்டு, ரி.பி.பி.ஏ. என்ற இன்னொரு இரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். நோய் உறுதியானால் பெனிசிலினைத் தள்ளிப்போடாதீர்கள். தாயிலிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இலங்கையை ஏற்றது இந்தக் கிளினிக் சோதனைகளால்தான்.

சுன்னாகத்திலிருந்து: பிட்டத்தில் பெனிசிலின் ஊசி போட்டாச்சு. போதாதா?

மூளைக்குப் போயிருந்தால் போதாது. பிட்டத்தில் போடும் பென்சதீன் பெனிசிலின் அங்கே தேவையான அளவுக்குப் போய்ச் சேராது. வார்ட்டில் வைத்து நாளம் வழியாக, ஒரு நாளைக்கு 180 முதல் 240 இலட்சம் அலகு வரை, 10 முதல் 14 நாட்கள் பெனிசிலின் ஏற்றவேண்டும்.

பெயரும் ஊரும் சொல்லாத ஒருவர்: எங்கே போனால் ஊருக்குத் தெரியாது?

போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக். இலவசம், உங்கள் விபரம் வெளியே போகாது. நாளைக்கே போங்கள்.