எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் அழுத்த சென்சார் பழுதை எப்படிக் கண்டறிந்து சரிசெய்வது?

எண்ணெயின் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றி, வண்டியின் கணினிக்குத் தெரிவிக்கும் சிறு கருவியே அழுத்த சென்சார். அந்தத் தகவலை நம்பித்தான் கணினி பம்பை இயக்குகிறது. பழுதான வெப்பமானியை நம்பி, காய்ச்சல் இல்லாதவருக்கு மருந்து கொடுப்பதைப் போல, பம்ப் நன்றாக இருந்தும் கணினி அதன் ஓட்டத்தைக் குறைத்துவிடலாம். அப்போது பூம், அதாவது வண்டியின் நீண்ட கை, மந்தமாக நகரும்.

முதலில் சென்சாரில் கம்பிகள் வந்து இணையும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைப் பாசி போன்ற அரிப்போ ஈரமோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான சென்சார்களில் மூன்று கம்பிகள் உண்டு: 5 வோல்ட் மின்சாரம், எர்த், சிக்னல். சிக்னல் பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் இருக்கும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். 5 வோல்ட்டே வரவில்லையா? அதே இணைப்பில் உள்ள வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். அவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி அகப்படும். மின்சாரம் சரியாக இருந்தால், சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, அது காட்டும் அளவைச் சென்சார் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள்.

சென்சாரைக் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். இதில் அவசரமே கூடாது.

திரையில் சென்சாரின் பிழைக்குறியீடு வந்தாலே சென்சார் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பி, கனெக்டர் உட்பட அந்தச் சுற்று முழுவதையும் குறிக்கிறது.