விண்டோஸ் சர்வரில் எஸ்எஸ்எச்: கேள்வி பதில்

கேள்வி: தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) வசதிக்காக, விண்டோஸ் சர்வர் 2022-ல் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவியாயிற்று. ஆனாலும் இணைய முடியவில்லையே?

பதில்: இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி (sshd) சர்வீஸ், நிறுவியதும் தானாக ஓடாது. அதைத் தொடங்கி, ஸ்டார்ட்டப் வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் மறுபடி நின்றிருக்கும். ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 22 விதி உங்கள் நெட்வொர்க் புரொஃபைலுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவதற்கான பப்ளிக் கீயை என் யூசர் ஃபோல்டரில் சரியாகத்தான் வைத்தேன். ஆனாலும் பாஸ்வேர்டு கேட்கிறது.

பதில்: நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருப்பீர்கள். லினக்ஸிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அந்தக் குழுவினருக்கு யூசர் ஃபோல்டரில் உள்ள கீயை எஸ்எஸ்எச்டி பார்ப்பதே இல்லை. சி டிரைவின் புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டர் இருக்கும். அதில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆத்தரைஸ்டு_கீஸ்' (administrators_authorized_keys) என்ற ஃபைலில்தான் கீ இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது பெர்மிஷன். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கு மட்டும் அனுமதி விட்டு, மேல் ஃபோல்டரின் அனுமதிகள் தானாக வந்து சேரும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்திவிடுங்கள். வேறு யாராவது அந்த ஃபைலில் எழுத முடிந்தால் எஸ்எஸ்எச்டி அதை ஒதுக்கிவிடும். உங்கள் திரையிலோ காரணம் எதுவும் வராது.

இரண்டும் சரியென்றால் என்கோடிங்கை, அதாவது எழுத்துகள் ஃபைலில் பதிவாகும் முறையைப் பாருங்கள். பவர்ஷெல் 5.1-ல் அம்புக்குறி (>) போட்டு ஃபைலில் எழுதினால் யுடிஎஃப்-16 ஆகிவிடும். கண்ணுக்குக் கீ சரியாகத் தெரியும், எஸ்எஸ்எச்டிக்குப் புரியாது. யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நிராகரித்த காரணம் ஈவென்ட் வியூவரில் ஓப்பன்எஸ்எஸ்எச், ஆப்பரேஷனல் பதிவில் கிடைக்கும். ஊகிப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

கேள்வி: கீ மூலம் நுழைந்தபின் இன்னொரு சர்வரின் ஷேர் ஃபோல்டர் திறக்க மறுக்கிறது. பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தால் திறக்கிறது!

பதில்: கீ மூலம் நுழையும்போது உங்கள் பாஸ்வேர்டு அந்த சர்வருக்கு வருவதில்லை. அடுத்த மெஷினிடம் உங்களை நிரூபிக்க அதனிடம் எதுவும் இல்லை. ஃபைலை உங்கள் கணினியிலிருந்தே எஸ்எஸ்எச் வழியே ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபி (SFTP) மூலம் நேராக அனுப்புவதுதான் நல்லது. பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதிவைக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நோட்பேடைத் திறந்தால் ஜன்னல் வரவில்லை.

பதில்: வராது. எஸ்எஸ்எச் ஓடும் செஷனுக்கும் உங்கள் டெஸ்க்டாப்புக்கும் தொடர்பில்லை. டாஸ்க் மேனேஜரில் தேடி அந்த நோட்பேடை மூடிவிடுங்கள்.

கேள்வி: நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட், இணைப்பு அறுந்ததும் நின்றுவிடுகிறது.

பதில்: அதை டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க்காகப் பதிந்து, எஸ்எஸ்எச்சிலிருந்து தொடங்க மட்டும் செய்யுங்கள். வெளியீட்டை லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் மறுபடி நுழைந்து எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.