நாகர்கோவிலில் இருந்துகொண்டு சென்னையில் பழைய கார் வாங்குவதென்றால், அதன் பூர்வீகத்தை எப்படிச் சரிபார்ப்பது?

சென்னையில் ஒருவரிடம் 2019-ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், படங்களும் ஆர்.சி. புத்தகத்தின் நகலும் வந்துவிட்டதாகவும், அரசின் வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் எம்பரிவாகன் செயலியில் எல்லாம் சரியாகக் காட்டுவதால் முன்பணம் அனுப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். அந்தச் செயலி பொய் சொல்வதில்லை. ஆனால் அது காட்டுவது வண்டியின் இன்றைய நிலையைத்தான். அந்த வண்டி இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது, எங்கே மோதியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பதெல்லாம் அதில் கிடையாது.

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு வண்டியை வாங்கினால் அதை நமக்குத் தெரிந்த மெக்கானிக் யாராவது ஏற்கெனவே பார்த்திருப்பார். விற்பவரின் பக்கத்து வீட்டுக்காரர் நம் உறவினருக்கு அறிமுகமானவராக இருப்பார். எப்படியும் ஒரு வார்த்தை காதுக்கு வந்துவிடும். ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெருநகரத்தில் அந்த ஊர்ப்பேச்சு நமக்கு இல்லை. வண்டியை இங்கே ஓட்டிவந்த பிறகு குறை தெரிந்தால் விற்றவரிடம் போய் நிற்பதும் எளிதன்று. ஆகையால் அந்த ஊர்ப்பேச்சின் இடத்தை ஆவணங்களால் நிரப்ப வேண்டியிருக்கிறது. எந்த ஒரு தாளையும் தனியாக நம்பாமல், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காரணங்களுக்காகப் பதிவான தேதிகளும் கிலோமீட்டர் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முறை. ஒரு தாளைத் திருத்தலாம். ஒன்றையொன்று அறியாத நான்கு நிறுவனங்களின் பதிவுகளை ஒரே மாதிரி திருத்துவது கடினம்.

செயலியில் பார்க்க வேண்டியதை முதலில் முடித்துவிடுவோம். பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், வாகன வகை, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், இன்சூரன்ஸ் முடியும் நாள், கறுப்புப் பட்டியல் குறிப்பு ஆகியவற்றை ஆர்.சி. நகலோடு ஒப்பிடுங்கள். விற்பவர் ‘ஃபர்ஸ்ட் ஓனர்’ என்று சொல்லி, பதிவில் இரண்டாவது என்று இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். போக்குவரத்து அபராதங்களை மத்திய அரசின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். நிலுவை இருந்தால் அதைப் பெயர் மாற்றத்துக்கு முன் விற்பவர்தான் கட்டித் தீர்க்க வேண்டும். திருட்டு வழக்கில் தேடப்படும் வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தகவல் சேவையில் சரிபார்க்க முடியும். இவையெல்லாம் வீட்டில் இருந்தபடியே முடிகிற வேலைகள்.

இனி, பலரும் கேட்கத் தவறுகிற, ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் பேசுகிற ஓர் ஆவணத்துக்கு வருகிறேன். அது பழைய இன்சூரன்ஸ் பாலிசி. நடப்புப் பாலிசி மட்டும் போதாது. கடந்த நான்கைந்து ஆண்டுப் பாலிசிகளின் நகலையும் கேளுங்கள். உரிமையாளரின் மின்னஞ்சலில் அவை இருக்கும். தேடி அனுப்புவது பெரிய சிரமம் அல்ல. ஒவ்வொன்றிலும் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஓராண்டு முழுவதும் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கோராதிருந்தால் அடுத்த ஆண்டு அதற்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, பிறகு தொடர்ந்து 25, 35, 45, 50 என்று அது ஏறும். இடையில் ஒருமுறை இழப்பீடு வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் சுழியத்துக்கு இறங்கிவிடும். எனவே இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே வண்டி எந்த ஆண்டில் அடிபட்டது என்பது தெரிந்துவிடும்.

தக்கலையில் உள்ள நண்பர் ஒருவருக்காக நாங்கள் பார்த்த சென்னை வண்டி ஒன்றில் இது எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன். 2019 ஜூனில் பதிவான வண்டி. 2020-இல் 20, அடுத்து 25, 35, 2023 ஜூனில் 45 என்று ஏறிவந்த போனஸ், 2024 ஜூன் பாலிசியில் சுழியமாகியிருந்தது. அப்படியானால் 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் நீரில் நின்றது எல்லோருக்கும் தெரியும். பாலிசியில் இருந்த முகவரியும் அந்தப் பக்கம்தான். விற்பவரிடம் நேரடியாகக் கேட்டபோது, தரைவிரிப்பு வரை தண்ணீர் ஏறியதையும் இன்சூரன்ஸ் பணத்தில் வண்டியைப் பழுதுபார்த்ததையும் ஒப்புக்கொண்டார். அதுவரை அனுப்பிய படங்களிலோ பேசிய பேச்சிலோ அதற்கான சாடைகூட இல்லை. அவரைக் குற்றம் சொல்வது என் நோக்கம் அல்ல. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. நண்பர் அந்த வண்டியை வாங்கவில்லை.

சுழியம் என்றாலே விபத்து அல்லது வெள்ளம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குமேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும். வண்டி கைமாறினாலும் அது புது உரிமையாளருக்கு வராது, ஏனென்றால் அந்தச் சலுகை ஆளுக்கு உரியதே தவிர வண்டிக்கு உரியதன்று. மாறாக, போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தால் இழப்பீடு வாங்கிய பிறகும் சதவீதம் குறையாமல் நிற்கலாம். ஆகையால் எண்ணில் சந்தேகம் வந்தால், கிளெய்ம் விவரத்தைக் கேட்டு உரிமையாளரே தம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் பதிலை உங்களுக்கு அனுப்பும்படி கேளுங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர் இதற்கு மறுக்கமாட்டார் என்பது என் அனுபவம். பழைய பாலிசிகளில் இன்னொரு பயனும் உண்டு: டி போர்டில் வாடகைக்கு ஓடி, பிறகு வெள்ளைப் பலகைக்கு மாற்றப்பட்ட வண்டியாக இருந்தால், அந்தக் காலத்துப் பாலிசி பயணிகளை ஏற்றும் வாகனம் என்ற வகையில் போடப்பட்டிருக்கும். வாடகை வண்டியை வாங்கக்கூடாது என்றில்லை, ஆனால் அதற்கு உரிய விலை வேறு.

அடுத்தது கிலோமீட்டர். மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு சிறு கருவி வைத்திருப்பவர் சில நிமிடங்களில் செய்கிற வேலை. எனவே மீட்டரில் தெரியும் எண்ணை நான் ஆதாரமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில், ஒவ்வொரு முறையும் வண்டி உள்ளே போன தேதியும் அன்றைய கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். உரிமையாளர் கேட்டால் அந்தப் பட்டியலைத் தருவார்கள். அதில் எண்கள் சீராக ஏறுகின்றனவா, எங்கே திடீரென்று நின்றன, பாடி வேலைக்காக வண்டி நாள்கணக்கில் உள்ளே நின்றிருக்கிறதா என்பதைப் பாருங்கள். 2022-இல் 61,000 என்று பதிவாகி, அதன்பின் பதிவே இல்லாமல், இன்று மீட்டர் 58,000 காட்டினால் அதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை.

வெளி ஒர்க்ஷாப்பிலேயே சர்வீஸ் செய்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறும் அன்று. அப்போது ஃபாஸ்டேக் கணக்கு கைகொடுக்கும். 2021 பிப்ரவரியிலிருந்து நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், எந்தச் சாவடியை எந்த நாளில் எந்த நேரத்தில் வண்டி கடந்தது என்பது வங்கியின் பதிவில் இருக்கும். ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி என்று சொல்லப்படுகிற காரின் கணக்கில், சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலையின் சாவடிகளான பரனூரும் ஆத்தூரும் விக்கிரவாண்டியும் வாரந்தோறும் வரிசையாக வந்தால் உண்மை வேறு. இந்தக் கணக்கை யாரும் திருத்தி வைப்பதில்லை, ஏனென்றால் வண்டி வாங்க வருபவர் இதைக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தாள்கள் எல்லாம் பொருந்தி வந்தால் மட்டுமே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள். நேரில் போனதும் பெயின்டின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, தாள்களில் படித்ததை வண்டியின் உடம்பில் தேடுங்கள். மார்த்தாண்டத்தில் ஒர்க்ஷாப் நடத்தும் என் அத்தான் எந்த வண்டியிலும் முதலில் செய்வது, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது. உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியில் அங்கே சேற்றுக் கறை கோடாக நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் இருக்கைகளின் அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம், தரைவிரிப்புக்குக் கீழே உள்ள வயர் இணைப்புகள் ஆகியவற்றிலும் துருவும் பச்சைப் பூச்சும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். தண்ணீர் ஏறிய வண்டியின் கோளாறு உடனே வெளிப்படுவதில்லை. இணைப்புகளில் துரு மெல்ல ஏறி, மாதங்கள் கழித்து ஒவ்வொரு மின்கருவியாகப் பழுதாகும். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். 2021 நவம்பர் மழையையும் 2023 டிசம்பர் மழையையும் பார்த்த நகரத்தில், 2019-ஆம் ஆண்டு வண்டிக்கு இந்தச் சோதனை இல்லாமல் முடியாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 30,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு நிறுவனத்தின் முத்திரையோடு இருந்தால் அந்தப் பக்கத்துக் கதவையும் தூணையும் கூர்ந்து பாருங்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதினேழு எழுத்துகளும் எண்களும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டால், சுரண்டியோ மேலே தட்டியோ இருப்பது கண்ணுக்குத் தெரிவதைவிட அந்தப் பிரதியில் தெளிவாகத் தெரியும்.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். தவணை முழுவதும் கட்டி முடித்த பிறகும் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டவர்கள் பலர். ‘லோன் முடிந்துவிட்டது’ என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதற்கான, அதன் முத்திரையோடு கூடிய 35-ஆம் படிவமும் கையில் வர வேண்டும். பணத்தை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு வைத்த 29, 30 என்ற பெயர் மாற்றப் படிவங்களோடு புரோக்கர் ஒருவர் வந்தால், ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரிடம் நேரில் பேசாமல் மேலே போக வேண்டாம். பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கன்சல்டிங் கடையில் வாங்குவதானால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இதே விலைக்குத் திருவனந்தபுரத்தில் நல்ல வண்டி கிடைக்கும் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். ஆவணச் சோதனை அங்கும் இதேதான். ஆனால் வெளிமாநில வண்டியை இங்கே நிரந்தரமாக வைத்திருக்க அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் மறுபதிவு, இங்கத்திய வரி ஆகிய மூன்றும் சேரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகே விலையை ஒப்பிடுங்கள். தில்லி வண்டிகளுக்கும் இது பொருந்தும். பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே உள்ள கட்டுப்பாடுகளால் விலை குறைகிறது. அந்தக் குறைவில் பெரும்பகுதியை இங்கே வரியும் பயணச் செலவும் எடுத்துக்கொள்ளும்.

வாங்கியபின் பெயர் மாற்றத்தை ஒத்திப்போடாதீர்கள். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களே உள்ளன. அதுவரை மூன்றாம் நபருக்கான காப்பீடு தொடர்ந்தாலும், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசியைக் காட்டி மறுத்துவிட இடமுண்டு. சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை அவ்வளவு தூரம் ஓட்டிவரப் போகிறீர்கள் என்பதால், இதற்கான விண்ணப்பத்தைப் புறப்படும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்று அந்த விற்பவரிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசாமல், 2020 முதல் உள்ள பாலிசி நகல்களையும், சர்வீஸ் பட்டியலையும், ஃபாஸ்டேக் கணக்கையும் மட்டும் கேளுங்கள். அவை வந்ததும் போனஸ் சதவீதங்களையும் கிலோமீட்டர்களையும் தேதி வரிசையில் எழுதி இந்தப் பதிலின் கீழே இடுங்கள். வண்டி எண்ணையும் பெயர்களையும் மறைத்துவிடுங்கள். எங்காவது பொருந்தாமல் நின்றால் நானும் அத்தானும் பார்த்துச் சொல்கிறோம்.