சீட்டே வரவில்லையா? சிப்பை எண்ணுங்கள்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தெரு கேரம் கிளப்பில் மாதம் ஒரு ஞாயிறு போக்கர் டோர்னமென்ட் வைக்கிறோம். காசு கிடையாது. ஒரு கோப்பை, ஜெயித்தவருக்குப் பிரியாணி, அவ்வளவுதான். ஒன்பது பேர், ஆளுக்கு 5,000 சிப், 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் (முறைவைத்து இருவர் சீட்டு வருமுன்பே கட்டும் சிப்) ஏறும். போன தடவை இரண்டு மணி நேரமும் ஏழு-இரண்டு, ஒன்பது-மூன்று என்று குப்பையாகவே வந்தது. பொறுமையாக உட்கார்ந்திருந்தே காலியாகிவிட்டேன். சீட்டு வராத நாளில் என்னதான் செய்வது? சீட்டுக்கட்டை மாற்றச் சொல்லலாமா?"

காசு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், நல்லது. பணம் வைத்து ஆடும் இடமாக இருந்தால் 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் குறுக்கே வரும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது வக்கீலிடம். பிரியாணிக்கு என்றால் தாராளமாகப் பேசலாம்.

முதலில் மனசுக்கு ஒரு கணக்கு. ஆளுக்கு முதலில் இரண்டு சீட்டு வரும், அதுதான் கை. எல்லோரும் ஏங்கும் கை எது? ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, அப்புறம் ஏஸ்-கிங். இந்த நான்கில் ஏதாவது ஒன்று சராசரியாக 39 கைக்கு ஒருமுறைதான் வரும். நாமே கலைத்து நாமே போடும் ஆட்டத்தில் மணிக்கு 20 கை ஓடினால் பெரிது. ஆக இரண்டு மணி நேரத்தில் 40 கை. அந்த 40-லும் இதில் ஒன்றுகூட வராமல் போக 100-க்கு 35 வாய்ப்பு உண்டு. ஒன்பது பேர் மேஜையில் மூன்று பேருக்கு அன்றைக்கு இதே கதிதான். மற்ற இருவர் வாயைத் திறக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

இப்போது நீங்கள் எப்படிக் காலியானீர்கள் என்று பார்ப்போம். உங்கள் பிளைண்ட் அளவுகளை எழுதவில்லை. வழக்கமாகப் பலரும் வைப்பதையே எடுத்துக்கொள்கிறேன்: 25-50 (சின்ன பிளைண்ட் 25, பெரிய பிளைண்ட் 50), 50-100, 75-150, 100-200, 150-300, 200-400, பிறகு 300-600. 20 நிமிடக் கட்டம் ஒன்றில் ஏழு கைதான் ஓடும், மேஜை ஒரு முழுச் சுற்றுகூட வராது. எதுவுமே ஆடாமல் எல்லாக் கையையும் போட்டுவிட்டு, பிளைண்ட் மட்டும் கட்டினால் 80 நிமிடத்தில் உங்களிடம் ஏறக்குறைய 4,400 இருக்கும். 100 நிமிடத்தில் 4,050. இரண்டு மணி நேர முடிவில் 3,600. பார்த்தால் பெரிய நஷ்டமாகத் தெரியாது, பாதிக்கு மேல் கையில் இருக்கிறதே என்று தோன்றும். அதே சிப்பைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் 100 பிளைண்ட் இருந்தது. 80-ஆவது நிமிடத்தில் 15, 100-ஆவது நிமிடத்தில் 10, இரண்டு மணி நேரத்தில் வெறும் 6. உங்களைக் கவிழ்த்தது ஏழு-இரண்டு இல்லை. ஏறிக்கொண்டே போன பிளைண்ட்.

அதனால் சீட்டு வராத நாளில் கையைப் பார்ப்பதைவிட, உங்களிடம் எத்தனை பெரிய பிளைண்ட் மிச்சம் என்பதைப் பார்ப்பதுதான் முக்கியம்.

முதல் ஒரு மணி நேரம் குப்பை வந்தால் கவலையே படாதீர்கள். பிளைண்டில் இல்லாதபோது ஃபோல்டு செய்ய, அதாவது கையைப் போட்டுவிட, ஒரு சிப்கூடச் செலவில்லை. ரம்மியில் ஸ்கூட் விட்டாலே (ஆடாமல் விலகினாலே) பாயிண்ட் ஏறும். இங்கே அதுவும் இல்லை. ஆனால் கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது லேசில் வராது. அங்கே முறை வந்தால் ஸ்ட்ரைக்கரை அடித்தே ஆக வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் "சும்மா ஒரு கால் போட்டுப் பார்ப்போமே" என்று, மற்றவர் கட்டிய அளவைத் தாங்களும் கட்டி, கிங்-நான்கோடு உள்ளே போவார்கள். ஜோடி இல்லாத எந்தக் கையும் ஃப்ளாப்பில் (மேஜையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) மூன்றுக்கு இரண்டு தடவை எதிலும் சேராது. இப்படி நாலு முறை சும்மா பார்த்தால், பிளைண்ட் தின்றதைவிட அதிகம் நீங்களே கொடுத்திருப்பீர்கள்.

உங்கள் பிளைண்ட் வருவதற்குச் சற்று முந்தைய இரண்டு மூன்று கை எப்படியும் மோசமான இடம். நல்ல கை இல்லாமல் அங்கிருந்து ஆடக் கூடாது. டீ குடிக்கப் போவதென்றால் அப்போது போய்விட்டு வாருங்கள். டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) உங்களிடம் வரும்போதும், அதற்கடுத்த இரண்டு மூன்று கையிலும் நாற்காலியில் இருக்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இரண்டு ஆட்களைக் கண்டுபிடியுங்கள். ஒருவர், எவன் எவ்வளவு ரெய்ஸ் செய்தாலும் (கட்டுவதை ஏற்றினாலும்) "இன்னாதான் வச்சிருக்க, காட்டு பார்ப்போம்" என்று கால் போடுகிறவர். எந்த மேஜையிலும் ஒரு மாமா இப்படி இருப்பார். இன்னொருவர், தன் பிளைண்டை மனமில்லாமல் விட்டுக்கொடுத்து, கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று ஆடுகிறவர். முதல் ஆளிடம் பொய்க்கை காட்டவே கூடாது. நல்ல கை வரும் வரை அவரைத் தொடாதீர்கள். நீங்கள் சிப் எடுக்க வேண்டியது இரண்டாவது ஆளிடம்.

எப்போது? 15 பிளைண்டுக்கும் 10 பிளைண்டுக்கும் நடுவில், அதாவது அந்த 80-ஆவது நிமிடத்திலிருந்து. 200-400 ஓடுகிறது, உங்களிடம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பட்டனில் இருக்கிறீர்கள். முன்னால் இருந்த ஆறு பேரும் ஃபோல்டு. கையில் கிங்-ஒன்பது. சாதாரணக் கைதான். இருந்தாலும் எல்லாச் சிப்பையும் தள்ளுங்கள், அதாவது ஆல் இன். உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் மட்டும், இருவரும் பயந்து ஆடுகிறவர்கள், 100 கையில் 15 கைக்குத்தான் ஆல் இன்னைக் கால் செய்வார்கள் என்றால் இருவருமே விட்டுவிட 72 சதவீத வாய்ப்பு. சீட்டே திறக்காமல் 600 சிப் உங்களுடையது. ஒரே கையில் 15 சதவீதம் ஏறிவிட்டீர்கள், அடுத்த ஒரு சுற்றுக்கான பிளைண்ட் வந்துவிட்டது. யாராவது கால் போட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் நீங்களே ஜெயிப்பீர்கள். கணக்கு உங்கள் பக்கம்தான்.

ஒரு மணி நேரமாக எதையும் ஆடாமல் இருந்தது இங்கேதான் உதவும். "இவன் ஏஸ் ஜோடி இல்லாமல் வர மாட்டான்" என்று மேஜை முடிவு கட்டியிருக்கும். அதை ஒரே நொடியில் கெடுக்கும் வழியும் உண்டு: "பாருய்யா, மறுபடியும் ஏழு-இரண்டு" என்று ஃபோல்டு செய்த சீட்டைத் திருப்பிக் காட்டிப் புலம்புவது. குப்பை வந்ததென்று எல்லோருக்கும் தெரிந்தபின் நீங்கள் தள்ளும் ஆல் இன்னை யாரும் நம்ப மாட்டார்கள். சீட்டைக் கவிழ்த்தே போடுங்கள்.

6 பிளைண்ட் வரைக்கும் காத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. பெரிய பிளைண்டாக 600 கட்டியவர், உங்கள் 3,600-க்கு இன்னும் 3,000 போட்டால் போதும் என்று எதையாவது வைத்துக் கால் போட்டுவிடுவார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், உங்களுக்கு முன்னால் யாரும் வராத முதல் ஏஸ் அல்லது ஏதாவது ஒரு ஜோடியோடு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நடப்பதைப் பாருங்கள். பயந்து 2 பிளைண்ட் வரை தேய்வதற்கு அது தேவலை. ஏழு-இரண்டுகூட ஏஸ்-கிங்கிடம் மூன்றுக்கு ஒருமுறை ஜெயிக்கும்.

கட்டை மாற்றினால் உங்களுக்கு நல்ல சீட்டு வரும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கலைப்பதைப் பற்றிக் கேட்பதில் தப்பில்லை. கட்டைக் கையில் பிடித்து நாலு தடவை இழுத்துப் போடுவது கலைப்பதே ஆகாது, பழைய வரிசை அப்படியே கொத்துக் கொத்தாகத் தங்கும். பாதியாகப் பிரித்து ஒன்றோடொன்று சரசரவென்று விடும் ரிஃபிள் முறையிலேயே ஏறக்குறைய ஏழு தடவை வேண்டும் என்று பேயர், டியாகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். கேரம் போர்டின் மேலேயே எல்லாச் சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் நன்றாகத் துழாவிவிட்டுச் சேர்த்தாலும் சரி.

அதைவிட உருப்படியாக ஒன்று கேளுங்கள்: முதுகு நிறம் வேறாக இரண்டு கட்டு. ஒன்று ஓடும்போது இன்னொன்றைப் பக்கத்து ஆள் கலைத்து வைக்கட்டும். அதே 20 நிமிடத்தில் இன்னும் ஒன்றிரண்டு கை கூடுதலாக ஓடும். கூடவே பிளைண்டை 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றச் சொல்லுங்கள். ஆட்டம் முடிய நேரமாகும்தான். பிரியாணியை மதியத்துக்குப் பதில் ராத்திரிக்குச் சொல்லிவிடலாம்.