லாக்ஸ்டன்: வேலி போடாத ஊர்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் பொதுநிலங்களுக்கு வேலி போட்டுத் தனியார் நிலமாக்கிய கதையை எழுதியிருந்தீர்கள். அதற்கு முந்தைய முறையில் விவசாயம் செய்யும் ஊர் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா? இருந்தால், அங்கே மட்டும் மக்களுக்குள் அப்படி என்ன ஒற்றுமை?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

மிஞ்சியிருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷரில் உள்ள லாக்ஸ்டன். மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று பெருவயல்கள். உள்ளே வேலியும் கிடையாது, வரப்பும் கிடையாது. ஒருவருடைய நிலமே பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு அல்லது புல்; வருஷா வருஷம் மாறிவரும். 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர்ப்படம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டைகளுக்கு நடுவே ஏர் ஓட்டுகிறவர்களையும் அறுவடை செய்கிறவர்களையும் குட்டி குட்டியாக வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்.

ஒற்றுமையால் தப்பிய ஊர் அல்ல இது. பெரிய நிலக்கிழார்கள் இருவர் ஒத்துப்போகாததால்தான் வேலி போடும் வேலை பாதியில் நின்றது என்பார்கள்.

இன்று ஊரைக் கட்டி வைத்திருப்பதும் பாசம் இல்லை, கண்காணிப்பு. குளிர்காலத் தொடக்கத்தில், கோதுமை விதைத்த வயலை ஜூரி சுற்றிவரும். ஜூரி என்றால் அங்கே பயிர் செய்கிற விவசாயிகளேதான். பக்கத்துப் புல்தரையையோ வயல் பாதையையோ யாராவது சேர்த்து உழுதுவிட்டார்களா என்று பார்த்து, எல்லை தெரிய முளை அடிப்பார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் 'கோர்ட் லீட்' என்ற பழங்கால ஊர் நீதிமன்றம் கூடும். அங்கே அபராதம் விதித்து, அடுத்த ஜூரிக்குப் பதவிப் பிரமாணமும் செய்துவைப்பார்கள். அபராதம் சொற்பம்தான். ஆனால் பீர் குடிக்கிற இடத்தில், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய ஆட்கள் முன்னால் பெயர் வாசிக்கப்படுகிறதே, அதுதான் தண்டனை. ஒற்றுமை என்றால் எனக்கு இதுதான் நம்பகமாகப் படுகிறது.

நிலக்கிழார் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952-இல் விவசாய அமைச்சகம் ஊரை வாங்கியது. 1981-இல் முடியரசின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறி, 2020-இல் அந்தப் பிரபுவின் வம்சாவளியினருடைய தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது. உடைமை யாரிடம் இருந்தாலும் ஜூரி நடக்கத்தான் செய்கிறது. என் கவலை வேறு. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விவசாயிகள் குறைந்துகொண்டே போனால், வயலைச் சுற்றிவர ஆள் வேண்டாமா?